பிரிஜா மைக் பிடித்த திருவிழா

அன்பு மகன் ஜெனோவுக்கு உன் அம்மா எழுதுகிறேன். மாதாவின் காவலில் இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கத்தாரில் நீயும் உன் அறைப் பிள்ளைகளும் ஒரு காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டே இதை எழுதுகிறேன், அப்படியே இருக்கவும் வேண்டும். உன் கூட்டாளி ஸ்டெனி விடுமுறை முடிந்து நாளை மறுநாள் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறான். அவன் கையில் நெத்திலிக் கருவாடும் கொஞ்சம் தேங்காய்ச் சம்மந்திப் பொடியும் கொடுத்தனுப்புகிறேன், கூடவே இந்தக் கடிதம். போன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிக்காதே மக்கா. போனில் நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கும்போது உனக்கு டூட்டிக்கு வண்டி வந்துவிடுகிறது, இல்லையென்றால் உன் தங்கச்சி பக்கத்தில் நின்று "அம்மா, அதெல்லாம் எதுக்கு அண்ணன்ட்ட சொல்லுகிய" என்று போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். இந்தத் திருவிழாப் பந்தாட்டத்தில் நடந்ததை முதலில் இருந்து கடைசி வரை ஒரே மூச்சில் உனக்குச் சொல்ல வேண்டும். நீ அங்கிருந்து வாட்ஸ்ஆப்பில் போட்ட ஒரு பேச்சில் தொடங்கியதுதான் எல்லாம், ஆனால் அது இங்கே வந்து என்ன பாடு பட்டது, எத்தனை பேர் அதைத் தூக்கிச் சுமந்தார்கள் என்று உனக்கு முழுதும் தெரியாது.

அப்பா இப்போது கடலில்தான் இருக்கிறார், இந்த முறை கடலிலேயே தங்கிப் பிடிப்பது நீண்டுவிட்டது, வலையில் கணவாய் நல்லபடியாக விழுகிறதாம். வீட்டின் பின்பக்க ஓடுகளை மாற்றிவிட்டோம், மழைக்குப் பயமில்லை. இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் உன் தங்கச்சி லிஜாவும் அவள் அணிப் பிள்ளைகளும் ஆடிய ஆட்டத்தைக் கிளப்புக்காரர்கள் எப்படி லைவில் காட்டினார்கள் என்று நீ பார்த்தாய் அல்லவா, கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு போனை நட்டுவைத்துவிட்டுப் போய்விட்டார்கள், பாதி ஆட்டத்தில் அதில் சார்ஜும் தீர்ந்தது. ஆண்கள் ஆட்டத்துக்கு மூன்று கேமரா, திரும்பத் திரும்பக் காட்டும் வசதி எல்லாம் இருந்தது. விபின் கமென்ட்ரி சொன்னதும் அப்படித்தான். ஆண்பிள்ளைகள் ஆடும்போது ஒவ்வொரு பாஸையும் ஓடி ஓடிச் சொன்னவன், பெண்பிள்ளைகள் வந்ததும் இவள் இன்னார் மகள், இவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், இவள் அழகாக ஓடுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மறுநாள் பேப்பரிலும் ஆண்கள் அணிக்குப் பெரிய படம், பெண்களுக்குப் பரிசு கொடுக்க வந்த விருந்தினரின் முகம் மட்டும் தெரிந்தது, கோப்பை வாங்கும் பிள்ளையின் முதுகுதான் விழுந்திருந்தது. அதைப் பார்த்துத்தானே நீ குரூப்பில் எழுதினாய், லைவுக்கு ஆகும் செலவை வெளிநாட்டில் இருக்கும் நாங்கள் ஏற்கிறோம், அதனால் இந்த வருடத்திலிருந்து மூன்று வருடத்துக்குப் பெண்கள் ஆட்டத்துக்கும் அதே கேமரா, பெண்கள் ஃபைனல் அந்தி நேரத்தில், மைக்கில் ஒரு பெண் என்று.

நீ எழுதிய அன்றே கிளப் செயலாளர் சிஜின் நம் வீட்டுக்கு வந்துவிட்டான். கோபமாக வரவில்லை, சாயா குடித்துக்கொண்டேதான் பேசினான். "மாமி, நீங்களே சொல்லுங்க. பாக்கியதுக்கு ஆளிருந்தா நாங்க காட்டமாட்டோமா? ஆளில்லாத ஆட்டத்துக்கு மூணு கேமரா எதுக்கு? அந்தி நேரத்த அவியளுக்குக் குடுத்தா ஆம்பளப் பிள்ளைய உச்சி வெயில்ல கெடந்து ஆடணும். அதுவும் நியாயமில்லியே" என்றான். காட்டாமல் ஆள் எப்படி வரும் என்று நீ குரூப்பில் கேட்டதை நான் அவனிடம் திருப்பிச் சொன்னேன். "அது சரிதான், ஆனா ஆட்டம் நல்லாயிருந்தாத்தானே மாமி ஆளு நிக்கும், சட்டம் போட்டா நிக்குமா" என்றான். அவன் பேசியதிலும் ஒரு நியாயம் இருந்தது, நீ எழுதியதிலும் இருந்தது. சரி, ஆடுகிறவளைக் கேட்போம் என்று லிஜாவைக் கூப்பிட்டால் அவள் இரண்டு பேருக்கும் மேலே குதிக்கிறாள். "எனக்கு அண்ணனுக்க தயவுல கெடைக்கிய வெளிச்சம் வேண்டாம். நாளைக்கு நான் நல்லா ஒரு கோல் அடிச்சாலும் அண்ணன் வாங்கிக் குடுத்த கோலுன்னுதான் ஊர்ல சொல்லுவாவ. எங்கள ஆடவிட்டுப் பாருங்க, நல்லாயிருந்தாக் காட்டுங்க, இல்லன்னா விடுங்க" என்று சொல்லிவிட்டு பூட்ஸைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். சில நாள் பயிற்சிக்கே போகவில்லை. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், இப்போது அவளே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

அவள் மனம் மாறியதற்குக் காரணம் நானோ நீயோ இல்லை. செலவு நீங்கள் ஏற்கிறீர்களே என்று கிளப்பும் ஒத்துக்கொண்டு, சிஜின் மைக்குக்கு ஆள் தேடத் தொடங்கினான், திருவிழாவில் நிகழ்ச்சி தொகுத்துப் பேசுகிற ஒரு பெண்ணை நாகர்கோவிலில் இருந்து அழைக்கலாம் என்று யாரோ சொன்னார்களாம், நல்ல சேலை கட்டி நன்றாகப் பேசுவாளாம், பந்தாட்டம் தெரியாதாம். அதைக் கேட்டதும் லிஜாவுக்கு வந்தது பார் கோபம். "பொம்மைய வைக்கணும்னா கடையில வாங்கி வைங்க. வைக்கியதுன்னா ஆட்டம் தெரிஞ்ச ஒருத்திய வைக்கணும்" என்று சொல்லிவிட்டு நேரே பிரிஜா வீட்டுக்கு நடந்தாள். பிரிஜாவை உனக்கு நினைவிருக்கும், குருசடிக் கோயிலுக்குப் பின்னால் வீடு, கல்யாணத்துக்கு முன்னால் நம் ஊர்ப் பெண்கள் அணிக்குத் தலைவியாக நின்றவள், மாவட்ட அணிக்கும் ஆடினாள். இப்போது இடுப்பில் ஒரு பிள்ளை. அவள் ஆடிய காலத்தில் ஒரு நாள்கூட யாரும் கேமரா கொண்டுபோனதில்லை, அவளிடம் இருப்பது அணியோடு வரிசையாக நின்று எடுத்த ஒரே ஒரு படம்தான், அவள் பந்தோடு ஓடியதை இனி யாரும் காட்ட முடியாது. லிஜா போய்க் கேட்டதும் அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாளாம். அவள் மாமியார்தான் "நீ போ மக்கா, பிள்ளைய நான் பாத்துக்கிடுகேன்" என்று அனுப்பிவைத்தார். ஆனால் பிள்ளை பாட்டியிடம் நிற்கவில்லை, முதல் ஆட்டத்துக்குப் பிரிஜா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டுதான் மைக்கைப் பிடித்தாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், முதல் ஆட்டத்தில் அவள் சரியாகச் செய்யவில்லை. பந்து அங்கே கோலுக்குப் பக்கத்தில் போகும்போது இங்கே இவள் வாயடைத்து உட்கார்ந்துவிடுகிறாள், பிறகு நினைவு வந்து பழைய பாஸைச் சொல்கிறாள், நடுவில் பிள்ளை மைக்கைப் பிடித்து இழுக்கிறது. லைவுக்குக் கீழே எழுதுகிற பையன்கள் விடுவார்களா, பெண் என்று பார்த்து இடம் கொடுத்தால் இப்படித்தான் என்று வரிசையாக எழுதிவிட்டார்கள். அதில் உங்கள் கத்தார் ஆட்களும் இருந்தார்கள், பெயர் சொல்லவில்லை. பிரிஜா அதையெல்லாம் வாசித்துவிட்டு அழுதாள், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலை விபின் அவள் வீட்டுக்குப் போனான். நானும் லிஜாவும் அப்போது அங்கேதான் இருந்தோம், இவன் எதற்கு வருகிறான், இடம் காலியாகிவிட்டதா என்று பார்க்க வருகிறானோ என்று எனக்கு உள்ளே ஒரு எரிச்சல். வந்தவன் வாசலில் நின்றுகொண்டே பேசினான். "எக்கா, நான் முத தடவ மைக் பிடிச்சப்பம் ரெண்டு டீமுக்க பேரையும் மாத்திச் சொன்னேன். ஊரே சிரிச்சு. ஆனா ஆம்பளன்னு பாத்து மைக்கக் குடுத்தா இப்பிடித்தான்னு ஒருத்தனும் சொல்லல. இவனுக்குத் தெரியலன்னுதான் சொன்னாவ. எனக்குப் படிச்சுக்கிட நேரம் கெடைச்சு, உங்களுக்கும் கெடைக்கட்டும். நாளைக்கு நான் பக்கத்துல இருக்கேன். நீங்க ஆட்டத்த மட்டும் பாருங்க, பேச்சு தானே வரும்" என்றான். பிரிஜா உள்ளே போய் அவனுக்குச் சாயா எடுத்துவந்தாள். ஜெனோ, விபினைப் பற்றி நீ குரூப்பில் கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தாய். அவன் செய்ததும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

செமி ஃபைனலில் பிரிஜா ஆளே மாறிவிட்டாள். நான் மைதானத்தின் ஓரத்தில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். சிறுபிள்ளையில் இருந்து நீ ஆடியதையும் பிறகு லிஜா ஆடியதையும் எத்தனையோ பார்த்திருக்கிறேன், ஆனால் பந்து போகிற பக்கம் கண்ணைக் கொண்டுபோவேனே தவிர ஒன்றும் விளங்கியதில்லை, யாருக்கும் அடிபடக் கூடாதே என்று மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்பேன். அன்றைக்குப் பிரிஜா சொல்லச் சொல்லத்தான் நம் லிஜா பந்து இல்லாதபோதும் எதற்கு ஓடுகிறாள், எதிராளியை எதற்குத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறாள் என்று விளங்கியது. கடைசி நேரத்தில் லிஜா ஒரு கோல் அடித்தாள், நாம் ஜெயித்தோம். அன்று அப்பாவின் படகு மீன் இறக்கக் கொச்சியில் கரைக்கு வந்திருந்தது. அப்பாவும் கூட வேலை செய்கிறவர்களும் ஒரு போனை ஐஸ் பெட்டியின் மேல் சாய்த்துவைத்து ஆட்டம் முழுக்கப் பார்த்திருக்கிறார்கள். உனக்குத் தெரியும், திருவிழா சமயத்தில் அப்பா எந்த வருடமும் ஊரில் இருந்ததில்லை, மகள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. ஆட்டம் முடிந்ததும் அங்கிருந்தே போன் செய்தார். "ஏட்டி, நம்ம பிள்ள எடது காலாலயா அடிக்கா? எனக்குத் தெரியாதே" என்றார். அவ்வளவுதான் சொன்னார், அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. அப்பாவுக்கு இதைப் பார்க்கக் கொடுத்ததற்கு நான் உனக்கு எப்படி நன்றி சொல்வது மக்கா. பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்வது நம் வழக்கம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஃபைனல் அந்தியில், விளக்கு வெளிச்சத்தில். ஆண்கள் ஃபைனல் மதியமே முடிந்திருந்தது, பையன்கள் வெயிலில் வெந்துபோனார்கள், நம் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காலில் தசை பிடித்து வெளியே வந்துவிட்டான், அதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. அந்திக்குக் கூட்டம் இருக்காது என்று சொன்னார்கள், ஆனால் பூசை முடிந்து கோயிலில் இருந்து வந்த பெண்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை, நாற்காலி போதவில்லை, மணலில் உட்கார்ந்தார்கள். எதிர் அணி கிழக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்ப் பிள்ளைகள், நல்ல உயரம், நல்ல பலம். அவர்கள் முதலில் ஒரு கோல் அடித்துவிட்டார்கள், நம் பிள்ளைகள் விடாமல் மோதினார்கள், முடியப்போகிற நேரத்தில் நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. லிஜாதான் அடிக்க வந்தாள். என்னால் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன், சத்தத்தில் தெரிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். ஊர் சத்தம் போடவில்லை. கண்ணைத் திறந்தால் பந்து எதிர்ப் பக்கத்து கோல்கீப்பரின் நெஞ்சில் இருக்கிறது, லிஜா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அப்போது ஸ்பீக்கரில் பிரிஜா சொல்கிறாள், "லிஜா கீப்பரப் பாக்கவே இல்ல. ஓடி வாறதுக்கு முன்னாலயே எந்தப் பக்கம் அடிக்கப் போறான்னு உடம்பு காட்டிக் குடுத்துட்டு, கீப்பருக்கு இது எளுப்பமாப் போச்சு. இந்தத் தரத்துல ஆடுகிய ஒருத்தி செய்யக் கூடாத தப்பு." ஊரே கேட்கிறது, கடலில் இருக்கிற படகு வரை கேட்கிறது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவளை மைக்கில் கொண்டுவந்து உட்காரவைத்ததே என் பிள்ளைதானே, கொஞ்சம் பார்த்துப் பேசக்கூடாதா என்று தோன்றியது. நாம் தோற்றோம்.

வீட்டுக்கு வந்து லிஜா அழுதாள், நானும் கூட அழுதேன், அழுதுகொண்டே பிரிஜாவைத் திட்டினேன். அவள் உடனே முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா, போன வருசம் நான் கோல் அடிச்சப்பம் விபின் அண்ணன் என்ன சொன்னாரு? அப்பா பேரச் சொல்லி, செலுவைக்க மவ அழகா ஓடுகான்னு சொன்னாரு. நான் எப்பிடி அடிச்சேன்னு சொல்லல. இன்னைக்கு நான் தப்பா அடிச்சேன், எதுக்குத் தப்புன்னு பிரிஜா அக்கா சொன்னா. ஆம்பளைய தப்பு பண்ணினா இப்பிடித்தானே சொல்லுவாவ. எனக்கு இதுதாம்மா வேணும்." பிறகு இரண்டு தட்டில் சோறு போட்டாள், ஒன்றை என் முன்னால் வைத்தாள். மறுநாள் காலை பூட்ஸை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள், பிரிஜாவும் பிள்ளையோடு வந்தாளாம், கீப்பரைப் பார்த்துக்கொண்டே அடிப்பது எப்படி என்று வெகு நேரம் பழகினார்களாம். எனக்குப் பிரிஜாவின் முகத்தைப் பார்க்கக் கொஞ்ச நாள் கூச்சமாக இருந்தது, இப்போது சரியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் கிளப் கூட்டம். பெண்கள் அணி சார்பில் லிஜா போனாள், நானும் பின்வரிசையில் உட்கார்ந்தேன். பெண்கள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஆண்கள் ஆட்டத்தைவிடக் குறைவுதான், ஆனால் போன வருடத்தோடு சேர்த்துப் பேசவே முடியாத அளவுக்குக் கூடியிருக்கிறார்கள் என்று சிஜின் மறைக்காமல் சொன்னான், அது அவன் நேர்மை. ஆனால் இதை மூன்று வருடத்துக்குச் சட்டமாக வைக்க வேண்டுமா, ஒரு வருடம் செய்தாகிவிட்டதே, இனி ஆட்டம் அதன் காலில் நிற்கட்டும் என்றான். லிஜா எழுந்தாள், உன்னைத் திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சொன்னது வேறு. "மொதல்ல நானும் இப்பிடி ஒதுக்கிக் குடுக்கியது வேண்டாம்னு சொன்னவதான். இப்பவும் எனக்கு அது பிடிக்கல. ஆனா ஒரு கேமரா எங்க பக்கம் திரும்பாம நாங்க எந்தக் காலுல நிக்க? கேமரா மூணு வருசம் இருக்கட்டும். அந்தி நேரத்த ஒரு வருசம் எங்களுக்கும் ஒரு வருசம் அவியளுக்கும் மாத்தி மாத்தி வைங்க, யாரும் எப்பவும் வெயில்ல வேகண்டாம். மைக்குல பொம்பளதான் இருக்கணும்னு வைக்காதீங்க, ஆட்டம் தெரிஞ்சவங்க இருக்கணும்னு வைங்க. பிரிஜா அக்கா ஆம்பளைய ஆட்டத்துக்கும் பேசட்டும். விபின் அண்ணன் எங்களுக்கும் பேசட்டும், ஆனா எங்க பயிற்சிய வந்து பாத்துட்டுப் பேசட்டும்" என்றாள். மண்டபத்தில் சலசலவென்று பேச்சு, பிறகு விபின்தான் முதலில் கை தூக்கினான். எல்லாம் கிடைத்துவிடவில்லை. கேமராவும் நேரமும் சரி என்றார்கள். ஆண்கள் செமி ஃபைனல் வரை பிரிஜா பேசலாம், ஃபைனலுக்கு அடுத்த வருடம் பார்த்துக்கொள்வோம் என்று சிஜின் முடித்தான். வெளியே வரும்போது, "மாமி, உங்க பிள்ளைய பந்தாடுகதுக்கா விட்டிய, பேசுகதுக்கா" என்று அவன் கேட்டதற்கு நான் இரண்டுக்கும்தான் என்றேன்.

ஜெனோ, சலுகை கொடுப்பது சரியா தவறா என்று பெரிய ஆட்கள் டிவியில் பேசுவதெல்லாம் என் தலைக்குள் ஏறாது. நீ திறந்துவிட்டாய், உன் தங்கச்சி உள்ளே போய் தனக்கு வேண்டியதை எடுத்து வேண்டாததைத் திருப்பிக் கொடுத்தாள், அந்த மட்டுக்கு எனக்கு விளங்குகிறது. இரண்டு பேருமே என் வயிற்றில் பிறந்தீர்கள் என்று மாதாவின் முன்னால் முட்டுப்போட்டு நன்றி சொன்னேன். உன் கூட்டாளிகளிடமும் அம்மா நன்றி சொன்னதாகச் சொல்லு, கேலி எழுதிய பிள்ளைகளிடமும் சேர்த்தே சொல்லு, அவர்களும் செலவில் பங்கு போட்டவர்கள்தானே. விபினுக்கு ஒரு போன் செய், மறந்துவிடாதே. வெயிலில் வேலைக்குப் போகும்போது தண்ணீர் கொண்டுபோ, கருவாட்டை அறையில் பொரிக்காதே, போன முறை போல் பக்கத்து அறைக்காரர்கள் சண்டைக்கு வரப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை பூசையை விடாதே. உனக்கு ஒரு பெண் பார்த்திருக்கிறேன், அதை எழுதினால் கடிதம் நீளும், படம் லிஜா அனுப்புவாள். நீ எப்படி இருந்தாலும் எங்கே இருந்தாலும் மாதாவின் நிழல் உன் தலைமேல் இருக்கட்டும், நீ தொடுகிற வேலை நல்லபடியாக முடியட்டும், உன் கையால் இன்னும் நாலு பேருக்கு நல்லது நடக்கட்டும்.

இப்படிக்கு, உன் வரவுக்காக வழி பார்த்திருக்கும் அம்மா,
ஜெபமணி.

ஒன்றை விட்டுவிட்டேன். ஆட்டத்தின் முக்கியமான இடங்களை மட்டும் சேர்த்துக் கிளப் சேனலில் ஏற்றும்போது லிஜா தவறவிட்ட அந்த பெனால்டியை எடுத்துவிடச் சொல்லவா, பிள்ளைக்கு வருத்தமாக இருக்குமே என்று நீ என்னிடம் கேட்டாயே, அவளிடம் சொன்னேன். பக்கத்தில் நின்று அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "அத வெட்டினா இனி அண்ணன்ட்ட ஒரு வார்த்த மிண்டமாட்டேன்னு எழுது. ஆம்பளைய தவறவிட்டதெல்லாம் அதுல கெடக்குல்லா, என்னதும் கெடக்கட்டும். கமென்ட்ரியோட கெடக்கட்டும்."